பறக்கும் காரும் பழகும் காரும்

கட்டாரில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு எங்கள் நானா ஊர் திரும்பியபோது, அவருடைய கைபேசி நிறையப் படங்கள் இருந்தன. உம்மா தன் மகன் தங்கியிருந்த அறையையும் வேலைத்தளத்தையும் பார்க்க ஆசைப்பட்டார். ஆனால் விரலால் தள்ளத் தள்ளக் கார்கள்தான் வந்தன. டோஹா கடற்கரை வீதியில் நிறுத்தப்பட்டிருந்த, தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் சுப்பர் கார்கள்.

ஒரு மாதம் கழிந்தது. கொழும்பில் விற்பனைக்கு வந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டு வந்திருப்பதாக நானா சொன்னார். இரண்டே கதவு, பெரிய எஞ்சின், பாரமான உடல். விலையோ அவருடைய ஐந்து வருடச் சேமிப்பில் பெரும்பகுதி. புத்தளத்திலிருந்து திரும்பிவந்து நாங்கள் கட்டிய வீட்டின் பின்னறைக்கு இன்னும் கூரை போடவில்லை. வாப்பா இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது என்னைப் பார்த்து, "நீதானே பௌதிகவியல் படிக்கிறாய். நானாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டு பார்ப்போம்" என்றார்.

நானா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவே கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். அந்தக் கணக்குத்தான் இந்தக் கட்டுரை. உலகின் மிக வேகமான கார்களை வைத்திருப்போரில் சிலர் அவற்றை விற்றுவிட்டு எடை குறைந்த, அன்றாடம் ஓட்டக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு மாறுகிறார்களே, அது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் எங்கள் வீட்டுக் கேள்விக்கும் விடை கிடைக்கும் என்று நினைத்தேன்.

வேகத்தின் விலை

நானாவின் கனவுக் கார் புகாட்டி வேய்ரோன். 2005 இல் வெளிவந்தது. 8 லீற்றர் எஞ்சின், 16 சிலிண்டர், 1001 பரிவலு. மணிக்கு 407 கிலோமீற்றர் ஓடும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை எட்ட ஏறத்தாழ இரண்டரை வினாடி போதும். எடை 1888 கிலோகிராம்.

இவ்வளவு வலு எதற்கு? காற்றைப் பிளப்பதற்கு. ஒரு கார் வேகமாகச் செல்லும்போது அதன் பெரிய எதிரி காற்றுத்தடை. இந்தத் தடைவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வலு என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே காற்றை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் வலுவை எட்டு மடங்காக்க வேண்டும். மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடும் காரை 400 ஓடச் செய்வதற்கு எஞ்சினை இரட்டிப்பாக்கினால் போதாது என்பது இதனால்தான்.

பெரிய எஞ்சின் பெரும் வெப்பத்தை உண்டாக்கும். அதைக் குளிர்விக்க வேய்ரோனில் பத்து ரேடியேட்டர்கள் உள்ளன. ரேடியேட்டரும் அதிலுள்ள நீரும் எடைதான். எடை கூடினால் பிறேக் பெரிதாக வேண்டும், டயர் அகலமாக வேண்டும், உடற்சட்டம் பலமாக வேண்டும். அவையும் எடைதான். அந்த எடையை இழுக்க இன்னும் வலு வேண்டும். கடன் வாங்கி வட்டி கட்டி, அந்த வட்டிக்கு மறுபடி கடன் வாங்குவது போன்ற ஒரு சுழல் இது.

உச்ச வேகத்தில் ஓடினால் வேய்ரோனின் 100 லீற்றர் பெற்றோல் தாங்கி ஏறத்தாழ 12 நிமிடத்தில் காலியாகிவிடும் என்பார்கள். 12 நிமிடத்தில் அது போகக்கூடிய தூரம் 81 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் கிளிநொச்சியைத் தாண்டி, மாங்குளம் போய்ச் சேருமுன்னரே நின்றுவிடும். அந்த உச்ச வேகத்தை எட்டுவதற்கென்றே காரில் தனியாக ஒரு திறப்பும் உண்டு. சாதாரணத் திறப்பால் ஓட்டினால் அந்த வேகம் வராது. அந்த இரண்டாவது திறப்பை ஒரு தடவையேனும் பயன்படுத்த இடம் கிடைக்கும் உரிமையாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

எடையைக் குறைத்தவர்கள்

இதற்கு நேரெதிரான பாதையில் போனவர் இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கொலின் சப்மன். வலுவைக் கூட்டுவதற்கு முன் எடையைக் குறை என்பதே அவர் வழி. எடை குறைந்தால் சிறிய எஞ்சின் போதும், சிறிய பிறேக் போதும், ஒல்லியான டயர் போதும். மேலே சொன்ன சுழல் அப்படியே தலைகீழாகச் சுற்றத் தொடங்கும்.

சப்மன் 1982 இல் காலமானார். அவர் வழியில் அந்த நிறுவனம் 1996 இல் வெளியிட்ட கார் எலிஸ். நிறுவனத்தின் அப்போதைய தலைவருடைய பேத்தி எலிசாவின் பெயரையே காருக்கு வைத்தார்கள். அதன் அடிச்சட்டம் அலுமினியத்தால் ஆனது. அலுமினியத்தை உருக்கி ஒட்டினால் அந்த வெப்பத்தில் உலோகம் பலமிழக்கும். அதை ஈடுசெய்யத் தடித்த உலோகம் வேண்டும். ஆகவே பாகங்களை விசேட பசையால் ஒட்டினார்கள். அடிச்சட்டத்தின் எடை 68 கிலோகிராம்தான். முழுக் காரின் எடை ஏறத்தாழ 725 கிலோகிராம். நம் ஊரில் ஓடும் சிறிய அல்டோ காரின் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான்! எலிஸின் எஞ்சின் வலு 118 பரிவலு மட்டுமே. ஆயினும் ஏறத்தாழ ஆறு வினாடியில் மணிக்கு 100 கிலோமீற்றரை எட்டிவிடும்.

இன்னொருவர் கோர்டன் மரே. 1946 இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த பொறியியலாளர். 1990களில் உலகின் மிக வேகமான காராகப் பெயரெடுத்த மக்லாரன் எஃப்-1 அவர் வடிவமைத்தது. 1998 இல் அது மணிக்கு 386 கிலோமீற்றர் ஓடியது. அந்தக் காரிலும் அவர் எடையில் கஞ்சத்தனம் காட்டினார். 627 பரிவலு கொண்ட அதன் எடை 1138 கிலோகிராம்தான். அப்படிப்பட்டவர் தன் சொந்த ஓட்டத்துக்கு எதை வாங்கினார் தெரியுமா? பிரான்ஸ் தயாரிப்பான ஆல்பைன் ஏ-110 என்ற சிறிய காரை. 1.8 லீற்றர் எஞ்சின், 252 பரிவலு, எடை 1100 கிலோகிராம் அளவில். உலகின் வேகமான காரை உண்டாக்கியவர் அன்றாடம் ஓட்டத் தேர்ந்தது இதைத்தான் என்று சொன்னபோது நானா கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்.

வெட்டுப்பட்டுப் போன திணிவு

இங்கே எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. வளைவில் திரும்பும் காருக்கு மையநாட்ட விசையைத் தருவது டயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வு. சமன்பாட்டை எழுதினால் இரு பக்கத்திலும் திணிவு வருகிறது. அதை வெட்டிவிட்டால், வளைவில் வழுக்காமல் போகக்கூடிய உச்ச வேகம் உராய்வுக் குணகத்தையும் வளைவின் ஆரையையும் ஈர்ப்பையும் மட்டுமே சார்ந்திருக்கிறது. அப்படியானால் பாரமான காருக்கும் இலேசான காருக்கும் வித்தியாசமே இல்லையே!

மறுநாள் ஆசிரியையிடம் கேட்டேன். "சமன்பாடு சரி. ஆனால் இறப்பர் முழுக்கச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படாது" என்றார். புத்தகத்தில் உராய்வுக் குணகம் மாறாதது. உண்மையான டயரில் சுமை கூடக்கூட அந்தக் குணகம் சற்றுக் குறைகிறது. சுமை இரு மடங்கானால் பிடிப்பு இரு மடங்கிலும் குறைவாகவே கூடும். ஆகவே பாரமான கார் வளைவில் கொஞ்சம் தோற்கிறது. மேலும், ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும் காரை மறுபக்கம் திருப்பும்போது அதன் சடத்துவத்தை வெல்ல வேண்டும். இலேசான கார் சொன்னவுடன் திரும்பும். பாரமான கார் யோசித்துத் திரும்பும்.

பிறேக் போடும்போது திணிவு வெட்டுப்படுவதே இல்லை. ஓடும் காரின் இயக்கப்பாட்டுச் சக்தி முழுவதும் பிறேக்கில் வெப்பமாக மாற வேண்டும். மணிக்கு 70 கிலோமீற்றரில் ஓடும் வேய்ரோனின் இயக்கப்பாட்டுச் சக்தி ஏறத்தாழ 3 இலட்சத்து 57 ஆயிரம் யூல். அதே வேகத்தில் எலிஸுக்கு 1 இலட்சத்து 37 ஆயிரம் யூல். வேகம் 140 ஆனால் இரண்டுமே நான்கு மடங்காகும். திணிவு இரட்டித்தால் சக்தி இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். மோட்டார் சைக்கிளை முறுக்கும் நம் தம்பிமார்களுக்கு இந்த ஒரு வரியையாவது நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இலேசான காரின் இன்பம் எங்கே இருக்கிறது என்பது இப்போது விளங்கியது. சுப்பர் கார் தன் முழுத் திறமையைக் காட்டுவது உயிருக்கு ஆபத்தான வேகத்தில். அதுவரை அது சோம்பிக் கிடக்கிறது. இலேசான கார் 50, 60 இலேயே வீதியின் மேடு பள்ளத்தைக் கைக்குச் சொல்லி, ஓட்டுபவருடன் பேசத் தொடங்கிவிடுகிறது. காரை மாற்றிக்கொண்டவர்கள் வேகத்தை விற்றுவிட்டு அந்தப் பேச்சை வாங்கியிருக்கிறார்கள்.

எங்கள் வீதியில் வைத்துப் பார்ப்போம்

நம் நாட்டில் கார்களுக்கு ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றரும் வெளியே 70 கிலோமீற்றரும்தான் எல்லை. வேய்ரோன் இரண்டு வினாடி முடிவதற்குள் 70 ஐ எட்டிவிடும். அதாவது அந்தக் காரின் இன்பம் யாழ்ப்பாணத்தில் இரண்டு வினாடிக்குள் சட்டப்படி முடிந்துபோகும். அதன் அகலமோ ஏறத்தாழ 2 மீற்றர். இருபுறமும் வேலியுள்ள எங்கள் ஒழுங்கையில் அது வந்தால் எதிரே வரும் சைக்கிள்காரர் வேலிக்குள்தான் இறங்க வேண்டும்.

பெற்றோலையும் பார்ப்போம். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். அட்டை வந்தது நினைவிருக்கும். ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்கள். நகர ஓட்டத்தில் வேய்ரோன் 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 40 லீற்றர் குடிக்கும். அந்த 20 லீற்றரில் அது 50 கிலோமீற்றர் ஓடும். பருத்தித்துறைக்குப் போனால் திரும்பிவர முடியாது. சிறிய கார் அதே பெற்றோலில் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்.

பயன்படும் கார் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் இங்கே பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்த ஒக்டோபரில் எங்கள் குடும்பமும் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் வெளியேற்றப்பட்டுவிட்டதால், பிறகு நடந்ததை வாப்பா கண்ணால் காணவில்லை. எங்கள் பகுதியில் நெடுங்காலம் வாடகைக் கார் ஓட்டிய ஒரு பெரியவர்தான் எனக்குச் சொன்னார். சில துளி பெற்றோலை காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்களாம். ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் அப்படித்தான் நோயாளியையும் மணமக்களையும் சுமந்தன.

ஏ-40 சமர்செற் 1952 இல் வந்தபோது அதன் வலு 42 பரிவலு மட்டுமே. அந்தப் பலவீனமே அதன் பலமாயிற்று. அதன் எஞ்சின் எரிபொருளை அதிகம் நெருக்காதது. ஆகவே மண்ணெண்ணெயையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. எரிபொருளை மிகவும் நெருக்கி வலுவைப் பிழியும் எஞ்சினில் அதை ஊற்றினால் நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். அந்தப் பஞ்ச காலத்தில் ஆயிரம் பரிவலுக் கார் ஒன்று இங்கே இருந்திருந்தால் கோழி அடையத்தான் உதவியிருக்கும்.

முடிவு

என் கணக்குகளையெல்லாம் கொப்பியில் எழுதி நானாவிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "தங்கச்சி, ஆசைக்கு ஒரு சமன்பாடு இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையில் இல்லை. வேகத்தின்மீது மனிதனுக்கு ஆசை இல்லாதிருந்தால் பத்து ரேடியேட்டர் வைக்கும் அறிவும், அலுமினியத்தைப் பசையால் ஒட்டும் அறிவும் பிறந்திருக்காது. அந்த ஆசையை நான் குறைசொல்லவில்லை. அதை எந்த வீதியில், யாருடைய செலவில் ஓட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

இறுதியில் முடிவு செய்தது என் கணக்கு அல்ல. கொழும்பில் அந்தக் காருக்குள் ஏறி இறங்குவது எப்படி என்று உம்மா கேட்டார். நானா ஒரு தாழ்ந்த கதிரையைப் போட்டுக் காட்டினார். முழங்கால் நோவுள்ள உம்மா உட்கார்ந்தார், எழும்ப முடியவில்லை. எல்லோரும் சிரித்தோம். நானா கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அதன்பின் அவர் அந்தக் காரைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து, 800 சி.சி. எஞ்சின் உள்ள பழைய சிறிய கார் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. மிஞ்சிய பணத்தில் பின்னறைக்குக் கூரை போட்டாயிற்று. அந்த அறைச் சுவரில் நானா வேய்ரோனின் பெரிய படமொன்றை ஒட்டியிருக்கிறார். வாப்பா அதைக் கழற்றச் சொல்லவில்லை. சாவகச்சேரிப் பக்கம் போகும்போது, வெறுமையான வளைவொன்றில் நானா சுக்கானை இலேசாகத் திருப்பிவிட்டு என்னைப் பார்ப்பார். "சொன்னவுடன் திரும்புது, பார்த்தியா?" என்பார். வேகமானி 50 ஐத் தாண்டியிருக்காது. அவர் முகத்தில் டோஹாப் படங்களில் இருந்த அதே சிரிப்பு இருக்கும்.