தவிடும் இளங்கன்றும்

செங்குன்றத்து அரிசி ஆலைகளின் தவிடும் மாவு ஆலைகளின் கோதுமைத் தவிடும் மாடு வளர்ப்போருக்கு நன்கு பழக்கமானவை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மாடு வைத்திருப்போருக்குப் புல் வளர்க்க நிலம் ஏது? அவர்களுக்குக் கைகொடுப்பது தவிடுதான். ஆனால், இறைச்சிக்காக வளர்க்கும் எருமைக் கடாக் கன்றுக்குத் தவிட்டை மட்டுமே கொடுத்து வரலாமா?

தவிடு வெறும் கழிவன்று. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமியும் 8 கிலோ தவிடும் கிடைக்கும். உமியில் சிலிக்கா மிகுதி, கன்றுக்கு உதவாது. தவிட்டிலோ புரதமும் வைட்டமின்களும் உள்ளன. அரிசித் தவிட்டில் எண்ணெயும் உண்டு. லிப்பேஸ் என்னும் நொதி அதைச் சில நாட்களிலேயே சிதைப்பதால் தவிடு காறிப்போகும். எனவே புதிய தவிட்டையே வாங்க வேண்டும்.

பிறந்த கன்றுக்கு அசைபோடும் வயிறு வளர்ந்திருப்பதில்லை. அதற்குச் சீம்பாலும் பாலுமே உணவு. இரண்டாம் வாரம் முதல் சிறிது சிறிதாகக் கலப்புத் தீவனம் காட்டினால், வயிற்றின் முதல் அறையில் நுண்ணுயிர்கள் பெருகி, மூன்று மாதத்தில் அது நன்கு செயல்படத் தொடங்கும்.

இனி, ஆபத்தைப் பார்ப்போம். 1 கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 11 கிராம், கால்சியமோ 1.5 கிராம் அளவே. உண்மையில் கால்சியம்தான் பாஸ்பரசைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். மிகுந்த பாஸ்பரஸ் சிறுநீரில் வெளியேறும்போது உப்புப் படிகங்களாகிக் கல்லாகத் திரளும். ஆண் கன்றின் சிறுநீர்க்குழாய் ஒடுங்கியது, வளைந்தது. கல் அங்கே அடைத்துக்கொண்டால் சிறுநீர்ப்பை வெடித்துக் கன்று இறக்கவும் கூடும்.

இதைத் தடுப்பது எளிது. உடைத்த மக்காச்சோளம் 44 பங்கு, கடலைப் புண்ணாக்கு 32, தவிடு 20, சுண்ணாம்புக்கல் தூள் 2, தாது உப்புக் கலவை 1, உப்பு 1 எனக் கலக்கலாம். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லைப் போலக் கால்சியம் கார்பனேட்தான். ஆயினும் எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்துள்ளதால், அங்கே பொறுக்கிய கிளிஞ்சல் வேண்டாம். தீவனத்துக்கென விற்கும் தூளையே வாங்குங்கள். குடிநீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். நீர் குறைந்தால் கல் விரைவில் திரளும்.

கன்று முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திராதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வடசென்னைக்கு அருகிலேயே உள்ளது.

தவிடு நல்ல தீவனமே. சுண்ணாம்பும் தண்ணீரும் அதற்குத் துணை நிற்க வேண்டும்.