சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கயாக்

கயாக் என்ற துடுப்புப் படகை வீட்டிலிருந்து ஏரிக்குக் கொண்டுபோகப் பலரும் அறிந்த வழி, அதைக் காரின் கூரைமேல் கட்டிக்கொள்வது. கார் இல்லாதவர்களுக்கும், கார் வேண்டாம் என்பவர்களுக்கும் இன்னொரு வழி இருக்கிறது: சைக்கிளின் பின்னால் மாட்டி இழுக்கும் இரண்டு சக்கர வண்டி. வெளிநாடுகளில் இதைத் தயாரித்து விற்கிறார்கள். இந்தியாவில் வேண்டியவர் தாமே செய்துகொள்ளலாம். வெல்டிங் பட்டறைக்கு ஒரு நாள் வேலைதான். எங்கே எதை வைப்பது என்ற கணக்குக்குத்தான் அதிக யோசனை தேவை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஹைதராபாத் பொருத்தமான ஊர். 16ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஹுசேன் சாகர் நகரத்தின் நடுவிலேயே கிடக்கிறது. மேற்கே, 2020இல் திறந்த கேபிள் பாலத்தின் அடியில் துர்கம் செருவு. 1908ஆம் ஆண்டு மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் நகரின் விளிம்பில். பின்னவை இரண்டும் குடிநீர்த் தேக்கங்கள். எந்த நீர்நிலையிலும் அனுமதி கேட்டு, உயிர்காப்பு உடை அணிந்துதான் படகை இறக்க வேண்டும். ஏரிகளுக்கு இடையே இருப்பதோ தக்காணத்துப் பாறை நிலம். பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் என்ற பெயர்கள் சும்மா வைத்தவை அல்ல. சாலைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

பொழுதுபோக்குக்கு ஓட்டும் பிளாஸ்டிக் கயாக் 3 மீட்டர் நீளமிருந்தால் எடை ஏறக்குறைய 20 கிலோ. வண்டிக்கு 8 கிலோ என்று கொண்டால் மொத்தம் 28. சமதளத் தார்ச்சாலையில், சக்கரத்தில் காற்று நன்றாக இருந்தால், இதை இழுக்கும் விசை 300 கிராம் எடையைத் தூக்கும் விசையைத் தாண்டாது. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேட்டில் இன்னொரு 1.4 கிலோ கூடும். அதே மேட்டில் ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்த 85 கிலோவை ஏற்றவே நாலேகால் கிலோ விசை வேண்டும். ஆக, கயாக் கூட்டுவது மூன்றில் ஒரு பங்கு உழைப்பு. கியரைக் குறைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். இழுப்பது பெரிய காரியமில்லை. திருப்புவதும் நிறுத்துவதும்தான் சோதிக்கும்.

வண்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கயாக்கே ஏர்க்கால்: நடுவயிற்றுக்குக் கீழே சக்கரங்களைக் கட்டிவிட்டு மூக்கைச் சைக்கிளின் கேரியரோடு பிணைத்துவிடுவார்கள். செலவு குறைவு. ஆனால் ஒவ்வொரு குலுக்கலும் மூக்கிலுள்ள கைப்பிடியின் இரண்டு திருகுகளில்தான் போய் முட்டும். பக்கத்துத் தெரு வரைக்கும் போதும், அதற்கு மேல் வேண்டாம். மற்றதில் தனியாக ஓர் இரும்புக் குழாய் ஏர்க்காலாகப் படகின் அடியில் ஓடி, சைக்கிளின் பின்சக்கர அச்சருகே சேரும். இழுவிசை முழுவதையும் குழாய் வாங்கிக்கொள்ளும். படகு மேலே சும்மா படுத்திருக்கும். ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் என்றாலும் இதுவே நம்பத்தக்கது.

அடுத்து, அச்சின் இடம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். பின்பாரமான வண்டி நுகத்தடியைத் தூக்குவதுபோல, அச்சு படகின் எடைமையத்துக்கு முன்னால் போய்விட்டால் ஏர்க்கால் சைக்கிளின் பின்பக்கத்தை மேலே நெம்பும். சக்கரம் பிடிப்பு இழக்கும், வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளியும். எனவே அச்சு எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். 3 மீட்டர் படகின் மூக்கு, சைக்கிளின் பின் அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்கினால் எடைமையம் 2 மீட்டரில் விழும். அச்சை அதற்குப் பின்னால் 15 சென்டிமீட்டர் தள்ளினால் இணைப்பின்மேல் ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அழுத்தும். அந்த முன்பாரம் போதும். எடைமையம் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. படகை ஓர் உருட்டுக் கட்டையின்மேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால் சரிசமமாக நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

இணைப்பு மூன்று வகையில் அசைய வேண்டும். வளைவில் இடமும் வலமும், வேகத்தடையில் மேலும் கீழும், அதோடு முறுக்கு. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சைக்கிள் வளைவில் சாயும், இரண்டு சக்கர வண்டி சாயாது; முறுக்க இடமில்லாத இணைப்பு ஒன்று உடையும், இல்லையேல் ஓட்டுபவரைத் தள்ளிவிடும். தடித்த ரப்பர் ஹோஸில் ஒரு சாண் துண்டு வெட்டி, இரு முனைகளிலும் போல்ட் போட்டால் மூன்று அசைவும் ஒரே பொருளில் கிடைக்கும். அது அறுந்தாலும் படகு நடுரோட்டில் தங்கிவிடாதிருக்க, பக்கத்தில் ஒரு நைலான் பட்டையைத் தளர்வாக மாட்டி வைப்பது கட்டாயம். இணைப்பைச் சீட்டுக் கம்பத்தில் மாட்டுவது எளிதுதான். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து வரும் தள்ளல் சைக்கிளைச் சாய்க்கப் பார்க்கும். தாழ்ந்த அச்சருகே மாட்டுவதே நல்லது.

சக்கரத்தில்தான் வீட்டுத் தயாரிப்புகள் அதிகம் தோற்கின்றன. ஆரக்கால் சக்கரம் மேலிருந்து வரும் எடையை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டு விசைக்கு வளைந்துவிடும். சைக்கிள் சாய்ந்தே திரும்புவதால் அதன் சக்கரத்துக்கு அந்தச் சோதனை வருவதில்லை; சாயாத இழுவண்டியில் ஒவ்வொரு வளைவிலும் வரும். ஆகவே பெரிய சக்கரத்தைவிடக் குழந்தைகள் சைக்கிளின் 16 அல்லது 20 அங்குலச் சக்கரம் உறுதி. அதன் மெல்லிய அச்சு இரண்டு பக்கமும் பிடிப்பு கேட்கும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் விரைவில் வளையும். சட்டத்தில் சக்கரத்துக்கு இருபுறமும் தகடு வைப்பது ஒரு வழி, ஒருபுறப் பிடிப்புக்கென்றே கனத்த அச்சோடு வரும் சக்கர நாற்காலிச் சக்கரத்தை வாங்குவது இன்னொன்று.

சட்டத்துக்கு 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய் போதும். செகந்திராபாத்தின் ராணிகஞ்ச் ஹார்டுவேர் கடைகளில் குழாய், போல்ட், வாஷர் எல்லாம் கிடைக்கும். படகு உட்காரும் இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கும் நுரைக்குழாய் சுற்ற வேண்டும். கட்டுவதற்கு இழுத்துச் செருகும் பக்கிள் பட்டையே சரி. லாரிச் சுமைக்குப் பூட்டும் ராட்செட் பட்டை வேண்டாம். மே மாத வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் பாலிஎதிலீன் இளகும், இறுக்கிய இடத்தில் படகின் அடி குழிந்துவிடும். படகு எவ்வளவு தாழ்வாக அமைகிறதோ அவ்வளவு நல்லது. சக்கரங்களுக்கிடையே 70 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அவசரமாகத் திரும்பும்போதும் எளிதில் கவிழாது.

இப்போது திருப்பம். சைக்கிளும் படகும் சேர்ந்த நீளம் ஏறக்குறைய 5 மீட்டர். இன்னோவா காரைவிட அதிகம். சைக்கிள் 3 மீட்டர் ஆர வட்டத்தில் திரும்பினால் வண்டியின் சக்கரங்கள் 90 சென்டிமீட்டர் உள்பக்கமாக வெட்டிப் போகும். தெருமுனையில் நிற்கும் பைக்கை உரசுவது அப்படித்தான். 2023 அக்டோபரில் வெளிவட்டச் சாலையோரம் திறந்த, சூரியத் தகடுகள் கூரையாக வேய்ந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதையின் அகலம் நாலரை மீட்டர். அவ்வளவு இடத்தில் இந்த நீளத்தைச் சுற்றித் திருப்ப முயன்றால் ஏர்க்கால் பின்சக்கரத்தோடு மடிந்துகொள்ளும். இணைப்பைக் கழற்றி, படகைக் கையால் திருப்பி, மறுபடி மாட்டுவதுதான் வழி.

இறக்கத்தில் வண்டி தள்ளத் தொடங்கும். எடை மூன்றில் ஒரு பங்கு கூடுவதால், அதே பிரேக் பிடியில் நிற்கும் தூரமும் அவ்வளவு கூடும். வளைவுக்குள் புகுந்தபின் பிரேக் பிடித்தால் படகின் தள்ளல் பின்சக்கரத்தை வெளியே ஒதுக்கிவிடும். அதனால் நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவில் நுழைய வேண்டும். மழைக்காலத்தில் உட்காரும் பள்ளத்துக்கு மூடி போடாவிட்டால் படகு தொட்டியாகிவிடும். 50 லிட்டர் தண்ணீர் என்றால் 50 கிலோ. படகின் வாலில் ஒரு சிவப்புத் துணியும், இருட்டினால் ஒரு விளக்கும்.

ஏரிக்கரையில் வண்டியை என்ன செய்வது என்பதையும் முதலிலேயே யோசித்துவிடலாம். சக்கரங்கள் கடையாணியைப் பிடுங்கினால் கழலும்படியும், ஏர்க்கால் நடுவில் இரண்டாகப் பிரியும்படியும் செய்தால் எல்லாவற்றையும் சைக்கிளோடு சேர்த்துப் பூட்டிவிடலாம். வண்டியை முழங்கால் நீர் வரை இறக்கிப் படகை மிதக்கவிடுவது வசதிதான். ஆனால் சாதாரணச் சைக்கிள் சக்கரத்தின் பேரிங்குக்குத் தண்ணீர் ஆகாது. அப்படிப் பழகுபவர்கள் அடிக்கடி பிரித்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும்.