சின்னக் கணினி போதுமா?

2012-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 35 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை, பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுவதற்கென்றே உருவானது. இன்று அதை வீட்டுக் கணினியாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு. 2019-இல் நான்காம் தலைமுறைப் பலகை வந்தபோது அதில் 4 ஜிபி நினைவகம் வரை கிடைத்தது. டெபியன் லினக்ஸிலிருந்து பிறந்த அதன் இயங்குதளத்துக்குக் காசு தர வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸில் தமிழில் கடிதம் எழுதலாம், இணையம் பார்க்கலாம். அதற்குரிய சார்ஜரின் திறனே 15 வாட்தான். அதை முழுவதும் இழுத்தாலும் ஒரு யூனிட் மின்சாரத்தில் 66 மணி நேரம் ஓடும். திரைக்கு ஆகும் செலவு தனி.

மந்தமாக இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் பல நேரம் அதற்குக் காரணம் செயலி அல்ல. இயங்குதளத்தைச் சுமக்கும் நகமளவு மெமரி கார்டு. கேமராப் படங்களை வரிசையாகச் சேமிக்க அது தோதானது. இயங்குதளமோ எண்ணற்ற சிறு கோப்புகளை அங்குமிங்குமாகத் தேடி எடுக்கும். அங்கேதான் கார்டு திணறுகிறது. எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கோப்புகள் சிதைவதும் உண்டு. நீல நிற யூஎஸ்பி துளையில் ஒரு எஸ்எஸ்டியை இணைத்து, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால் அதே பலகை சுறுசுறுப்பாகிவிடும். விண்டோஸுக்கென எழுதிய கணக்கு மென்பொருள் இதில் ஓடாதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. லினக்ஸும் இந்தப் பலகையின் ஏஆர்எம் செயலியும் சேர்ந்த இடத்தில் அதற்கு எளிய வழியில்லை. அந்த மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள் இதை வாங்க வேண்டாம். படிக்கவும் எழுதவும் கணினி தேடுபவர்கள் தாராளமாக வாங்கலாம்.