அமெரிக்காவில் குடியுரிமை பெறுவது எப்படி?

ஒரு பெரிய கூடம். நாற்காலிகளில் பல நாட்டு மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மெக்சிகோவில் இருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். வியட்நாமில் இருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். சேலை கட்டிய நம் நாட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். வலது கையை உயர்த்துகிறார்கள். அதிகாரி உறுதிமொழியைச் சொல்கிறார். அவர்களும் சேர்ந்து சொல்கிறார்கள். சில நிமிடங்கள்தான். உள்ளே வரும்போது அவர்கள் வெளிநாட்டவர். வெளியே போகும்போது அமெரிக்கக் குடிமக்கள்.

அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னால் பல ஆண்டுகள் கழிந்திருக்கும்.

பச்சை அட்டை

அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவருக்கு அந்த நாட்டு அரசு ஓர் அட்டை கொடுக்கும். அதற்குக் கிரீன் கார்டு என்று பெயர். பச்சை அட்டை என்று பொருள். அதை வைத்திருப்பவர் அங்கே வேலை செய்யலாம். வீடு வாங்கலாம். மற்றவர்களைப் போல வரியும் கட்ட வேண்டும்.

பிறகு என்ன குறை?

நாடாளுமன்றத் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. சில குற்றங்களைச் செய்தால் அவரை நாட்டை விட்டே அனுப்பி விடலாம். நீண்ட காலம் வெளிநாட்டில் தங்கினால் அட்டையே கையை விட்டுப் போகலாம். இன்னொன்றும் உண்டு. அவர் தம் மனைவிக்காக விண்ணப்பிக்கலாம். மணமாகாத பிள்ளைகளுக்காகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்றோருக்காக விண்ணப்பிக்க முடியாது. குடிமகன் ஆகி, வயதும் 21 ஆகியிருந்தால், தாய் தந்தையையும் நிரந்தரமாக அழைத்துக் கொள்ள வழி உண்டு. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை நினைத்தே குடியுரிமை கேட்பவர்கள் உண்டு.

கதவு மூடியிருந்த காலம்

இந்த உரிமை நம் நாட்டவருக்கு எப்போதும் இருந்ததில்லை. வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்று 1790-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. பிறகு ஆப்பிரிக்க வழி வந்தவர்களுக்கும் அது கிடைத்தது. இந்தியருக்குக் கிடைக்கவில்லை.

பகத் சிங் திண்ட் என்பவர் பஞ்சாபில் இருந்து போனவர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். அவர் குடியுரிமை கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று 1923-இல் தீர்ப்பு வந்தது. அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடம் இருந்தும் அது பறிக்கப்பட்டது. நாட்டுக்காக ராணுவ உடை போட்டவரையே அந்த நாடு தன்னவர் இல்லை என்றது.

தலிப் சிங் சௌந்த் என்பவரும் பஞ்சாபில் பிறந்தவர். 1920-இல் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போனார். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனாலும் வயலில் இறங்கி விவசாயம் செய்துதான் பிழைத்தார். குடியுரிமை பெற முடியாதவர்கள் அங்கே விவசாய நிலம் சொந்தமாக வாங்கவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சட்டத்தை மாற்ற அவரும் மற்ற இந்தியர்களும் பாடுபட்டார்கள். 1946-இல் சட்டம் மாறியது. இந்தியரும் குடியுரிமை பெறலாம் என்று ஆனது. சௌந்த் 1949-இல் குடிமகன் ஆனார். அந்த நாட்டில் கால் வைத்து 29 ஆண்டுகளுக்குப் பிறகு! 1956-இல் தேர்தலில் நின்றார். வென்றார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

யார் விண்ணப்பிக்கலாம்?

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். பச்சை அட்டை பெற்று 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணந்து அவருடன் வாழ்பவருக்கு 3 ஆண்டுகள் போதும்.

5 ஆண்டுகள் என்பது அட்டையை வைத்திருந்த காலம் மட்டும் அல்ல. அதில் பாதிக் காலம், அதாவது 30 மாதங்கள், அமெரிக்க மண்ணிலேயே இருந்திருக்க வேண்டும். நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வருவார்கள். ஒரு மாதம் என்பது எட்டு மாதம் ஆகிவிடும். ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அதிகாரி காரணம் கேட்பார். சான்று காட்ட வேண்டும். ஓர் ஆண்டு தாண்டினால் பெரும்பாலும் கணக்கை முதலில் இருந்து தொடங்க வேண்டி வரும்.

நன்னடத்தையும் பார்ப்பார்கள். வரி கட்டியிருக்கிறாரா? காவல் துறை வழக்கு உண்டா? பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்கக் கூடாது. சின்ன வழக்கை மறைத்த பொய், அந்த வழக்கை விடப் பெரிய தொல்லையைத் தரும். குடிமகன் ஆகும் முன்பே தெரியாமல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துச் சிக்கிக் கொள்பவர்களும் உண்டு.

விண்ணப்பப் படிவத்துக்கு எண் 400 என்று பெயர் சொல்வார்கள். படிவம் இலவசம். அதைக் காசுக்கு விற்பவரை நம்ப வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் தனி. 2024-இல் அது 760 டாலர் என்று வைத்தார்கள். கணினி வழியாக அனுப்பினால் 710 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு. பிறகு கைரேகை எடுப்பார்கள். அதன் பிறகு நேர்காணலுக்கு அழைப்பு வரும்.

ஒரு வாக்கியம் படிக்க வேண்டும்

நேர்காணல் என்றதும் எல்லோருக்கும் பயம்தான். ஓர் அறையில் அதிகாரி இருப்பார். படிவத்தில் எழுதியவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்பார். பதில் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வாக்கியத்தைக் காட்டுவார். அதைப் படிக்க வேண்டும். முதல் வாக்கியம் வராவிட்டால் இன்னொன்று காட்டுவார். அதுவும் வராவிட்டால் மூன்றாவது. மூன்றில் ஒன்றைச் சரியாகப் படித்தால் போதும். எழுதுவதும் அப்படியே. அவர் சொல்வார். கேட்டு எழுத வேண்டும். குடிமக்கள் ஓட்டுப் போடலாம் என்பது போன்ற சிறிய வாக்கியம்தான். எழுத்துப் பிழை ஒன்றிரண்டு இருந்தாலும் பொருள் புரிந்தால் ஏற்றுக் கொள்வார்கள்.

மகளோடு தங்கியிருக்கும் ஒரு தாயை எடுத்துக் கொள்வோம். அவருக்கு வயது 52. பச்சை அட்டை பெற்று 6 ஆண்டுகள் ஆகின்றன. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. “இந்த வயசுல ஏ, பி, சி, டி எழுதணுமாடி?” என்று மகளிடம் கேட்பார். எழுதித்தான் ஆக வேண்டும். அங்கே பல ஊர்களில் நூலகங்களில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. சமுதாயக் கல்லூரிகளிலும் நடக்கிறது. படிக்க வேண்டிய சொற்களின் பட்டியலை அரசே வெளியிட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு சொல் என்று எழுதிப் பழகினாலும் சில மாதங்களில் பட்டியல் முடிந்துவிடும். பேரப் பிள்ளைகள் வீட்டு வாத்தியார் ஆகிவிடுவார்கள்!

அதே தாய்க்கு வயது 55 ஆகி, பச்சை அட்டை பெற்று 15 ஆண்டுகளும் ஆகியிருந்தால் ஆங்கிலத் தேர்வே கிடையாது. வயது 50 என்றால் 20 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இவர்கள் மொழிபெயர்ப்பாளரை அழைத்துக் கொண்டு போய்த் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

எந்தப் பதில்? அமெரிக்காவைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில். இது வாய்மொழித் தேர்வு. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் யார்? கொடியில் ஏன் 13 பட்டைகள்? மார்ட்டின் லூதர் கிங் என்ன செய்தார்? இப்படிக் கேட்பார்கள். முன்பு 10 கேள்விகள் கேட்டார்கள். 6 சரியாக இருந்தால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இது கடினம் ஆனது. 20 கேள்விகளில் 12-க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். 128 கேள்விகள் கொண்ட பட்டியலில் இருந்து கேட்பார்கள். வயது 65 ஆகி, 20 ஆண்டுகள் தங்கியவர்களுக்குக் கேள்விகள் குறைவு.

தவறிவிட்டால்? எந்தப் பகுதியில் தவறினாரோ அதை மட்டும் இன்னொரு முறை எழுதலாம், சொல்லலாம். 60 முதல் 90 நாட்களுக்குள் திரும்ப அழைப்பார்கள்.

உறுதிமொழியும் பழைய பாஸ்போர்ட்டும்

தேர்ச்சி பெற்ற உடனே குடிமகன் ஆகிவிட முடியாது. கூடத்தில் உறுதிமொழி எடுத்த பிறகுதான் ஆக முடியும். அங்கே பச்சை அட்டையை வாங்கிக் கொண்டு, குடியுரிமைச் சான்றிதழ் கொடுப்பார்கள். அங்கேயே பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். நம்மவர்களின் இனிஷியல் அங்கே படாத பாடு படும்!

அந்த உறுதிமொழியில் ஒரு வரி கனமானது. இதுவரை குடிமகனாக இருந்த நாட்டின் மேல் உள்ள பற்றுறுதியை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். நம் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இந்திய பாஸ்போர்ட்டை நம் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதைக் காட்டி மறுபடியும் பயணம் செய்வது குற்றம்.

இப்படிப் போனவர்களுக்காக 2005-இல் ஓசிஐ அட்டை என்ற திட்டம் வந்தது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டை இருந்தால் ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் ஊருக்கு வந்து போகலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். வீடு வாங்கலாம். ஆனால் இங்கே ஓட்டுப் போட முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. அப்பாவின் நிலம் வாரிசு உரிமையாக வந்தால் வைத்துக் கொள்ளலாம். பக்கத்து வயலை வாங்கிச் சேர்க்க மட்டும் முடியாது.