மலையின் வழக்கு மாநாட்டுக்கு வரட்டும்

நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் ஓரிடத்தில் கூடி, அன்றாடம் எழும் சட்டச் சிக்கல்களைப் பேசும் மண்டல மாநாடுகள் நமக்குத் தேவை. போபாலில் உள்ள தேசிய நீதித்துறை அகாடமி, மாநில அகாடமிகளோடு சேர்ந்து இவற்றை நடத்துகிறது. தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமிக்குக் கோவையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு. வழக்கறிஞர் சங்கங்களும் தம் பங்குக்குக் கருத்தரங்குகளை நடத்துகின்றன. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து, அதுவரை 302 என்று ஊரே அறிந்திருந்த கொலைக் குற்றப் பிரிவு 103 ஆனபோது, கூடிப் பேசியிராவிட்டால் நீதிமன்றங்கள் திணறியிருக்கும். மாநாடு வேண்டுமா என்பது கேள்வியே இல்லை. அது கூடும் மண்ணின் வழக்கு அரங்குக்குள் வருகிறதா என்பதே கேள்வி. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டில் இப்படியொரு மாநாடு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னணுச் சாட்சியம், காசோலை வழக்கு, விபத்து இழப்பீடு எல்லாவற்றையும் பேசிவிட்டு, மாலையில் கிளியூர் அருவியைப் பார்த்துவிட்டு எல்லோரும் இறங்கிப் போனால், இந்த மலையில் வாழ்பவர்களின் சட்டம் பேசப்படாமலே போகும். அது மாநாட்டுக்கே பெரிய குறை என்பது என் வாதம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் இவர்கள், கேரளத்தவர் அல்லர். பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் தமிழ்நாட்டில் இரண்டுதான்: ஏற்காடு ஒன்று, சேந்தமங்கலம் மற்றொன்று. ஆனால் இவர்களின் நிலத்துக்கு அரசியலமைப்பு தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிக் காப்பு தரும் ஐந்தாவது அட்டவணையில் தமிழ்நாட்டின் ஒரு பகுதிகூட இல்லை. அதனால் பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் இங்கே செல்லாது. இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை. 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் அரசு நிலத்தைத் தனியார் சுரங்க நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சேர்வராயன் மலையிலும் பாக்சைட் உண்டு. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்காக இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அது வெட்டி எடுக்கப்பட்டது. ஆந்திர மலைவாசிக்குக் கிடைத்த கேடயம் ஏற்காட்டு மலைவாசிக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று கற்ற வழக்கறிஞர்கள் உட்கார்ந்து பேச இதைவிடத் தகுந்த பொருள் எது?

எஞ்சியிருக்கும் வலுவான ஆயுதம் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்தான். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்தோ பயிரிட்டோ வந்த பழங்குடிக் குடும்பத்துக்கு, நான்கு ஹெக்டேர் வரம்புக்குள் உரிமை தருகிறது அது. மனுவை முதலில் கிராம சபை ஆராயும். பிறகு கோட்ட அளவிலான குழு, அதன் பிறகு மாவட்டக் குழு. இந்தச் சட்டத்தின் அழகு அதன் சாட்சிய விதியில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுதிக்கொண்டால் அது சாட்சியம். நிலத்தைச் சமப்படுத்திக் கட்டிய வரப்பு, பழைய குடிசை, கிணறு, இடுகாடு, சாமி மரம், வம்சாவளி எல்லாமே சாட்சியம். செயற்கைக்கோள் படம் துணைக்கு வரலாம், ஆனால் மற்றச் சாட்சியங்களுக்கு அது மாற்றாகாது. முத்திரைத்தாளும் பதிவுத்துறை நகலும் பார்த்தே பழகிய நீதிமன்றத்துக்கு இது புதிய பாடம். இடுகாட்டையும் சாமி மரத்தையும் சாட்சியமாக எடைபோடுவது எப்படி என்பதைச் சட்டக் கல்லூரியில் யாரும் விரிவாகக் கற்றுத் தருவதில்லை. அதைச் சொல்லித் தரக்கூடியவர்கள் அந்த மரத்தடியில் வளர்ந்தவர்கள்.

இந்தப் பாடத்தைக் கற்காததன் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். வன உரிமைச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. மனுக்களைப் பரிசீலிக்கலாம், ஆனால் உரிமைச் சான்றிதழ் தருமுன் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்றது அது. 2016-இன் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கும்வரை அந்த உத்தரவு நின்றது. மற்ற மாநிலங்கள் லட்சக்கணக்கில் சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்த அந்த எட்டு ஆண்டுகளும் நம் மலைகளில் வீணாயின. நீதிபதிகளின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. காடு அழியுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சான்றிதழுக்காக மலையில் காத்திருப்பவர் யார், அவர் கைவிட்டுப் போவது என்ன என்பது கோப்பில் மட்டும் படிப்பவருக்கு முழுதாகத் தெரிவதில்லை.

நேரில் தெரிந்துகொள்வதால் என்ன மாறும்? வாச்சாத்தியைப் பாருங்கள். தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊர் மக்களும் மலையாளிப் பழங்குடியினரே. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஊராரை ஆலமரத்தடியில் கூட்டி வைத்துவிட்டு, இளம்பெண்களை ஏரிக்கரைக்குக் கொண்டு சென்றார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கு சிபிஐ கைக்குப் போகவே 1995 ஆனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடு இருந்த 215 அரசு ஊழியர்களையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், தீர்ப்புக்கு முன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போனார். மக்கள் சாட்சியத்தில் சொன்ன இடங்களைத் தன் கண்ணால் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும் காவல் கண்காணிப்பாளர் மீதும் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். அந்த ஒரு பயணம்தான் தீர்ப்பைத் தந்தது என்று நான் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் பின்வாங்காமல் நின்ற அந்தப் பெண்களின் வாக்குமூலம்தான் தந்தது. ஆனால் அவர்கள் சொன்ன சொல்லை, சொன்ன இடத்தில் நின்று எடைபோட ஒரு நீதிபதி முன்வந்தார் என்பது சிறிய செய்தியன்று.

ஒடிசாவின் நியம்கிரி மலையிலும் இதுவே நடந்தது. பாக்சைட் சுரங்கம் பற்றி முடிவெடுக்க வேண்டியது கிராம சபை என்று 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தக் கூட்டங்களை மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் பார்வையாளராக இருந்து கவனிக்க வேண்டும் என்றும் சொன்னது. நீதித்துறை மலையேறியது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன.

நீதிபதி விலகி நிற்க வேண்டியவர் ஆயிற்றே, ஊராரோடு உட்கார்ந்து பேசலாமா என்று கேட்பார்கள். 1997-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நீதித்துறை வாழ்வின் நெறிகளும் ஓரளவு விலகலை வேண்டுகின்றன. சரியான கவலைதான். நிலுவையில் உள்ள எந்த வழக்கையும் மாநாட்டில் தொடக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் விலகல் வழக்காடிகளிடமிருந்துதான் வேண்டும், வாழ்க்கையிடமிருந்து வேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 310-ஆம் பிரிவும், அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய சட்டத்தின் 347-ஆம் பிரிவும் நீதிபதி சம்பவ இடத்தைப் பார்வையிட அனுமதிக்கின்றன. பார்த்ததைத் தாமதமின்றிக் குறிப்பாக எழுத வேண்டும், கேட்கும் தரப்புக்கு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு. நேரில் பார்ப்பதையே சட்டம் இப்படி ஒழுங்குபடுத்தி ஏற்கும்போது, பொதுவான நிலைமையைக் கேட்டறிவது நடுநிலையைக் கெடுக்காது.

இலவசச் சட்ட உதவி முகாம்கள்தான் நடக்கின்றனவே என்பது இன்னொரு பதில். பழங்குடியினர் என்றாலே வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம், நல்ல ஏற்பாடு. ஆனால் முகாமில் சட்டம் தெரிந்தவர் பேசுகிறார், மலைவாசி கேட்கிறார். எனக்கு வேண்டியது மறுபக்கம்: மலைவாசி பேச, சட்டம் தெரிந்தவர் கேட்கும் ஓர் அமர்வு. அது தமிழில் நடக்க வேண்டும். 2022 ஏப்ரலில் சென்னைக்கு வந்த அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, திருமண மந்திரம் போல யாருக்கும் புரியாமல் வழக்கு நடக்கக் கூடாது என்று பேசினார். மாநாட்டுக்கும் அது பொருந்தும்.

ஏற்காட்டில் அரங்கு பதிவு செய்யும் வழக்கறிஞர் சங்கங்களையும் அகாடமியையும் கேட்டுக்கொள்கிறேன். நிகழ்ச்சி நிரலில் அரை நாளை வன உரிமைக்கு ஒதுக்குங்கள். கிராம சபையின் வன உரிமைக் குழுவிலிருந்து இரண்டு பேரை மேடையேற்றுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தள்ளுபடியான மனு ஒன்றை, பெயரை மறைத்து, அது ஏன் தள்ளுபடியானது என்று வரிவரியாகப் படித்துப் பாருங்கள். அருவியை அதன் பிறகு பார்க்கலாம்.