உங்களுக்குத் தெரியுமா? டிஸ்க்கைத் துடைத்த இடைவெளி

2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0, மேக் ஓஎஸ் எக்ஸ் கணினிகள் சிலவற்றில் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியையே துடைத்துப் போட்டது. பழைய ஐடியூன்ஸை நீக்கும் கட்டளையில் மேற்கோள்குறி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். மேக் ஓஎஸ் எக்ஸுக்கு அடிப்படையான யூனிக்ஸில், மேற்கோள்குறி இல்லையென்றால் கட்டளைக்கு இடைவெளி வந்தாலே பெயர் முடிந்த மாதிரி. ‘டிஸ்க் 1’ என்ற பகுதியில் உள்ள ஐடியூன்ஸை அழிக்கச் சொன்னால், ‘டிஸ்க்’ என்று இன்னொரு பகுதி இருக்கும்பட்சத்தில் அதை முழுசாக அழித்துவிடும். ‘நிச்சயமா?’ என்ற கேள்வியும் கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது! பிழையைத் திருத்தி அவசரமாக 2.0.1 வந்தது. பெயரில் இடைவெளி விட்டவர்மேல் பழிபோட முடியாது. விண்டோஸ் 95-உம் மென்பொருள்களை வைக்கும் ஃபோல்டருக்கே ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று இடைவெளியோடுதான் பெயர் வைத்தது. பழைய டாஸ் மென்பொருள்களுக்கு அதையே ‘PROGRA~1’ போல எட்டெழுத்துக்குள் சுருக்கிக் காட்டியது.