குறைத்த எடை மீண்டும் கூடாதிருக்க

சாலைக் கடைத்தெருவில் தராசு இல்லாத பலசரக்குக் கடை கிடையாது. மிளகையும் மல்லியையும் கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுக்கும் நம் வணிகப் பெருமக்கள் பலர், தங்கள் உடல் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்த வேலை. இடையே சர்க்கரை போட்ட தேநீர், வடை, பழம்பொரி. எடை கூடுவதில் வியப்பில்லை.

சிகிச்சை பெற்று எடையைக் குறைத்தவர்களும் உண்டு. ஓரிரு ஆண்டுகளில் அது திரும்பும்போது, "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று வீட்டாரே கேலி செய்கின்றனர். வெட்கப்பட்டு மருத்துவரிடம் போவதையே சிலர் நிறுத்திவிடுகின்றனர். இது பெருந்தவறு.

உண்மையில், எடை குறைந்ததும் உடல் அதைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது; பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது. ஓராண்டு கழிந்தும் இம்மாற்றம் நீடித்ததை 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. மருந்துக்கும் இது பொருந்தும். செமாகுளுடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது என்கிறது 2022ஆம் ஆண்டு ஆய்வு. ஆகவே மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் தொடர் பரிசோதனை தேவை.

வென்றவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய பதிவேடு ஒன்றில், 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டேனும் காத்தவர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நாளும் சுமார் ஒரு மணி நேரம் உடலுழைப்பு செய்தனர். காலை உணவைத் தவிர்க்கவில்லை. வாரம் ஒருமுறையேனும் எடை பார்த்தனர்.

துணையும் வேண்டும். நம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில், சர்க்கரை நோயைத் தடுக்க 2013இல் தொடங்கிய ஆய்வில், உள்ளூர்வாசிகளே பயிற்சி பெற்றுக் குழுக்களை ஓராண்டு நடத்தினர். நோய் குறைந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், காய்கறி, பழம் உண்ணும் பழக்கம் கூடியது.

நாமும் நாலைந்து பேராகச் சேர்ந்து காலையில் கோட்டையைச் சுற்றி நடக்கலாம். ஞாயிறுதோறும் எடையைக் குறித்து வைக்கலாம். இரண்டு கிலோ கூடியதுமே மருத்துவரைப் பார்த்தால் திருத்துவது எளிது. இருபது கிலோ ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைக்கணக்கை ஒருநாள் பார்த்துவிட்டு மூடிவைப்பவர் யாருமில்லை. உடல் கணக்கும் அப்படித்தான். எடை திரும்பியவரைக் கேலி செய்யாமல், கூட நடக்க ஒருவர் வந்தால் அதுவே பாதி மருந்து.